அளக்காமல் கொட்டியது

கொட்டியது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
குறிப்பேட்டில் "தவறுதலாக" என்று மட்டும்
பெயரில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

ஃபண்டி விரிகுடாவில் தண்ணீர் வடிந்து
படகுகள் சேற்றில் சாய்ந்துகிடந்த வியாழன் மாலை.
கூட்டுறவு அங்காடியின் பின்னறை.
வெங்காய மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
நான்கு மடக்கு மேசைகள் போட்டிருந்தோம்.
வாசல் அறிவிப்பில் ஸெலீ எழுதியிருந்தாள்:
ராப்யூர் செய்யலாம் வாருங்கள்.
உறுப்பினருக்கு இலவசம், மற்றவர்க்கு மூன்று டாலர்.
துருவி கொண்டுவரவும். விரல் பத்திரம்.

ஸெலீ கல்லாவில் நிற்பவள்.
இந்த அடுப்பை வாங்கலாமா என்ற வாக்கெடுப்பில்
இரண்டே கைகள் கூடுதலாகி ஜெயித்தவள்.
அன்று எதிர்த்துக் கைதூக்கிய வென்டல் கிராஸ்பி
இன்று முதல் ஆளாக வந்து
அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தார்.
"வெளியே குளிர்" என்றார், யாரும் கேட்காமலே.

பத்துக் கிலோ உருளைக்கிழங்கு.
துருவினோம். துணிப்பையில் கட்டி
ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம்.
சாம்பலும் இளஞ்சிவப்புமாக
கிழங்கின் தண்ணீர் வாளியில் இறங்கியது.
பைக்குள் மிஞ்சியது ஈர மரத்தூள் போல ஏதோ ஒன்று.

"எவ்வளவு பிழிந்தோமோ அவ்வளவு கோழிச்சாறு
கொதிக்கக் கொதிக்கத் திரும்ப ஊற்ற வேண்டும்.
கூடினால் கஞ்சி. குறைந்தால் பசை.
அந்த வாளியை இப்படிக் கொடுங்கள்" என்றாள் ஸெலீ.

நான் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு
வாளியைக் கழுவி, அடியில் படிந்த வெள்ளை மாவையும் சுரண்டி,
நல்ல பிள்ளையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் போட்டது வெறும் கழுவுதொட்டியில்.

"இருபது குவளை இருக்கும்" என்றார் வென்டல்.
"இருபத்துநான்கு, ஒரு சொட்டுக் குறையாது"
என்றாள் யூஃபெமி டெவோ.
சாறு கொதித்துக்கொண்டிருந்தது.
கிழங்கு கறுக்கத் தொடங்கியது.
கடைசியில் இந்தக் கட்டடத்துக்குத் தெரிந்த ஒரே வழி:
கைகளைத் தூக்கினோம்.
ஆறுக்கு ஆறு.
குற்றவாளிக்கு வாக்கில்லை என்று
எனக்கு மட்டும் விதி புதிதாகப் பிறந்தது.

மூன்று டாலர் கொடுத்து வந்திருந்த மாரிவிக்
ஏப்ரனைக் கழற்றாமல் எழுந்தாள்.
சிங்கி இறால் ஆலையில் நாளெல்லாம் கூடை தூக்குபவள்.
வாளியை மேசையிலிருந்து தொட்டிவரை
தூக்கிப்போய் வைத்ததும் அவள்தான்.
"என் தோளுக்குத் தெரியும்" என்றாள்,
"பங்கு எவ்வளவு?"

விளக்கணைந்த கடைக்குள் இருவரும் போனார்கள்.
கல்லா திறக்கும் மணி கேட்டது.
ஐந்து டாலர் பங்குச் சீட்டும்
ஆயிரத்து நூற்று எண்பத்துமூன்று என்ற எண்ணுமாகத்
திரும்பி வந்து கை தூக்கினாள்.
இருபத்துநான்கு.

மூன்று மணிநேரம் வெந்தது.
அதற்குள் யாரோ சீட்டுக்கட்டு எடுத்தார்கள்,
யாருடைய குழந்தையோ அரிசி மூட்டைமேல் தூங்கிப்போனது.
மேலே பன்றிக்கொழுப்பு பொரிந்து
ஓரமெல்லாம் நல்ல பழுப்பு நிறம்.
கரண்டி விட்டதும்
நடுப்பகுதி மெல்ல நகர்ந்து வந்து
தட்டை நிரப்பியது.

கஞ்சிதான்.
பெரும்பான்மையின் முடிவு,
சூடாக இருந்தது.
வென்டல் கரும்புப்பாகு ஊற்றி இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார்,
"இருபது என்று நான் சொன்னது குறிப்பில் ஏறட்டும்" என்றார்
வாய் நிறைய.
மாரிவிக் தோளைத் தேய்த்துக்கொண்டு
"கூடையில் ஐஸும் இருக்கும், அதை மறந்துவிட்டேன்" என்றாள்.

இப்போது அந்த வாளியின் உள்பக்கம்
சிவப்பு நகப்பூச்சில் கோடுகள் உண்டு.
பாத்திரம் கழுவும் பொறுப்பிலிருந்து
என்னை நீக்க ஒரு தீர்மானமும் வந்தது.
ஏழுக்கு ஆறு, தோற்றுவிட்டது.
ஏழாவது கை யாருடையது என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
இறால் வாசம் வந்தது.