ஐந்நூறுக்கு மேல்

ட்ரோம்சோ. டிசம்பர் முதல் வாரம்.
சூரியன் விடுப்பில் போய் ஐந்து நாள்.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற எல்பியோர்க்
இரவுப்பணி முடித்து நேரே வந்திருக்கிறாள்.
வகிடு வகிடாய் மயிரை ஒதுக்கி
முப்பத்திரண்டு இடத்தில் பசை வைக்கிறேன்.
"கழுவினால் போகுமா?"
போகும். இரண்டு தரம் கழுவ வேண்டும்.

கறுப்புத் திரை. நடுவில் சிவப்புக் கட்டம், காலி.
எண்கள் அதில் எப்போது ஓடத் தொடங்குமென்று
எனக்கும் தெரியாது.
ஓடினால் பொத்தானை அழுத்த வேண்டும், பத்து நிமிடம்,
வேறொன்றுமில்லை.
"இதற்கா இவ்வளவு படித்தீர்கள்?" என்கிறாள்.

இருநூற்று எழுபது.
இருநூற்று எண்பத்தொன்று.
இருநூற்று அறுபத்தாறு.
ஒரு நொடியை ஆயிரமாய் அரிந்து
அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட:
கண்ணிலிருந்து கட்டைவிரலுக்கு
அவளுக்குள் அவ்வளவு தூரம்.

ஆறாம் நிமிடம்.
அதுவரை பொடிப்பொடியாய் நடுங்கிய பின்மண்டைக் கோடு
நீள அலைகளாகிச் சீராகிறது,
நொடிக்குப் பத்து,
ஆளில்லாத ஊஞ்சல்.
கண்கள் திறந்தேயிருக்கின்றன. கேமராவில் பார்க்கிறேன்.
ஓடும் எண்ணின் சிவப்பு
கண்மணியில் விழுந்து கிடக்கிறது.
கண்மணி அதை யாரிடமும் சொல்லவில்லை.
ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம்.

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் அழுத்தினாள்.

ஐந்நூறைத் தாண்டினால் தவறல்.
தாளில் ஒன்று என்று எழுதினேன்.
மூன்று நொடியில் அவள் வண்டி
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்
முப்பத்து மூன்று மீட்டர் போயிருக்கும்,
இருட்டில், பள்ளிக்கூடத்தைத் தாண்டி.
கணக்குப் போட்டு நிமிர்வதற்குள்
அடுத்த இரண்டு எண்களை நான் பார்க்கவில்லை.
நல்லவேளை, கணினி பார்த்திருந்தது.

வலது நெற்றிக்குப் பின்னால் கொஞ்சம்,
வலது உச்சிக்குக் கீழே கொஞ்சம்,
விழிப்பைத் தாங்குவது அவை என்கிறார்கள்.
அவற்றுக்கும் அடியில், மூளைத்தண்டில்,
அரிசியாய் மெலிந்த ஒரு நீலத் திட்டு.
அது அளவாய்க் கசிந்தால் நாம் இங்கே இருக்கிறோம்.
அதிகம் கசிந்தால் கதவு சாத்தும் சத்தத்துக்கும் துள்ளுகிறோம்.
நீலம் என்பது பேச்சுக்கு அல்ல.
அறுத்தால் நிஜமாகவே நீலமாம்.
நான் பார்த்ததில்லை.
பதினோரு வருடமாய்க் கோடுகளை மட்டும் பார்க்கிறேன்.

முடிந்ததும் படிவத்தில் உள்ளதைக் கேட்டேன்:
ஆறாம் நிமிடத்தில் மனம் எங்கே இருந்தது?
"எங்கும் போகவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."
சொன்னதில் பொய் இல்லை.
பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தொட்டியில் குனிந்து இரண்டாம் தரம் கழுவும்போது,
நுரைக்குள்ளிருந்து:
"கார் எஞ்சினுக்குச் சூடேற்றியைச் செருகினேனா இல்லையா?
அதுவாக இருக்குமோ?"
இருக்கலாம் என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்தேன்.

ஐந்நூறு குரோனர் பரிசு அட்டையை
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.
ஜன்னலில் நண்பகல்,
இந்த மாதம் முழுக்க ஊருக்குக் கிடைக்கும் வெளிச்சம் அவ்வளவுதான்:
இரண்டு மணி நேர நீலம்.
அதனடியில் அவள், ஈரத்தலையில் தொப்பி,
காரின் முன்னால் குனிகிறாள்.
கம்பி செருகியபடியே இருக்கிறது.
நிமிர்ந்து, நான் நிற்பது தெரிந்ததுபோல்,
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நான் கையைத் தூக்குவதற்குள்
கார் வளைவில் திரும்பிவிட்டது.