ஏழரையும் ஒரு பிடியும்

எங்களிடம் கார் இல்லை.
முதலில் வாங்கியது கார் சீட்.
யானை இல்லாத வீட்டுக்கு அங்குசம் என்று
சிரித்தான் ஜெபசிங்.
டாக்சியில் கூட்டி வந்தாலும் சீட் வேண்டும்,
பழையது கூடாது என்று
வகுப்பில் சொல்லிவிட்டார்கள்.
அடியில் பொறித்திருக்கிறது காலாவதித் தேதி.
மாத்திரைக்கு மட்டுமில்லை,
பிளாஸ்டிக்குக்கும் ஆயுசு கெட்டிதான், ஆறு வருஷம்.

எட்மன்டனில் ஜனவரி.
நிலவறை ஜன்னலில் பாதிவரை ஏறிய பனி
நாங்கள் கணக்குப் போடுவதை எட்டிப் பார்க்கிறது.
வாடகை போக, போன் போக,
அவன் அண்ணனுக்கு அனுப்பும் இருநூறு போக
கையில் அறுநூற்று நாற்பது.
பட்டியலிலோ எழுபத்து மூன்று பொருட்கள்.
அதை எழுதியவருக்கு
குழந்தைக்கென்று தனி அறை இருந்திருக்க வேண்டும்,
அலமாரி வைத்தது போக
நடக்க இடமும்.

ஈரத்துணியைச் சூடாக்க ஒரு பெட்டி.
நாலு முறை வாசித்தேன்.
இதே வீட்டில் குளித்துவிட்டு
பல் கிட்டித்து நிற்கிறேனே,
எனக்கு எந்தப் பெட்டி?
அடித்தேன்.
ஷூ. நடக்காத காலுக்கு எதற்கு?
அடித்தேன்.
பிறகு அந்த மஞ்சள் ஷூவின் படத்தை
பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்
தேநீர் ஆறும்வரை.
மறுபடியும் அடித்தேன், இன்னும் அழுத்தி.

பக்கத்து வீட்டு மரிசெல்
தானாக ஆடும் தொட்டிலைக் கொண்டுவந்தாள்.
நாற்பது டாலர்.
உன் பையன் இதில் தூங்கினானா?
இரண்டு நாள்.
மீதி நாளெல்லாம்?
தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.
விற்க வந்தவள்
வாங்கவிடாமல் செய்துவிட்டு
தேநீர் குடித்துப் போனாள்.

சேலையில் தொட்டில் கட்டிவிடலாமே என்று
நாற்காலி மேல் ஏறி
உத்தரம் தேடி கூரையைத் தட்டினான் ஜெபசிங்.
வெறும் ஜிப்சம் பலகை.
மேலிருந்து
வீட்டுக்காரர் திருப்பித் தட்டினார்.

தூத்துக்குடியிலிருந்து அம்மா.
பிறக்குமுன்னே ஒரு சட்டைகூட வாங்காதே, கண்ணு படும்.
அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது.
சரிம்மா என்றேன்.
மடியில் பிரித்தபடி கிடந்தது
டயப்பர் கட்டு.

இரவு பதினொன்றுக்கு அவனுக்கு ஒரு யோசனை.
இருபது பவுண்டு பொன்னி மூட்டையைப் பிரித்து
தலையணை உறையில் அளந்து கொட்டினான்,
ஏழரை பவுண்டு.
ஏழரை என்றதும் எனக்குப் பொறுக்குமா?
இன்னொரு பிடி போட்டேன்.
வாயைக் கட்டி, சீட்டில் கிடத்தி,
வாரை இழுத்து,
புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்து,
தோளுக்கும் வாருக்கும் நடுவே
ஒரு விரல் மட்டும் போகிறதா என்று
தோளில்லாத அரிசியைத் தடவினான்.
க்ளிக்.
அந்தச் சத்தத்துக்கு
இருவருமே சிரிக்கவில்லை.

கோட்டு மாட்டினான்.
டாக்சி நிற்கும் இடம்வரை போய்வருகிறேன் என்றான்.
போர்வையை எடுத்து
அரிசிக்குப் போர்த்தினான்.

ஜன்னலின் மேல்பாதியில்
அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
வேலைக்கு ஓடும் பூட்ஸ் இல்லை.
ஒவ்வொரு அடியையும்
தரையிடம் கேட்டுக் கேட்டு வைத்தது.
போனது. நின்றது.
வராத டாக்சியின் கதவு திறக்கும் நேரம்வரை நின்றது.
திரும்பி வரும்போது
மூன்றாம் படியில் இடது கால் வழுக்கிற்று.
முழங்கால் தட்டி அமர்ந்தான்.
சீட் மட்டும்
நிரம்பிய குடம்போல் ஆடாமல் நின்றது
அவன் கையில்.

நொண்டிக்கொண்டே உள்ளே வந்து
அரிசியைத்தான் முதலில் பார்த்தான்.

தொட்டிலையும் அடித்தேன்.
இரவு விளக்கையும், இசை பாடும் ஒட்டகத்தையும்.
பட்டியலில் இல்லாத ஒன்றை
கடைசியில் எழுதினேன்:
படிக்குத் தூவ உப்பு,
பெரிய வாளியாக, இரண்டு.