பதினான்காம் எண் கதவு

பாகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பணம் எடுக்கும் இயந்திரம்
என் அட்டையைத் துப்பியது. மூன்று தரம்.
"சம்பளம் இன்னும் ஏறலையாக்கா?"
என்றான் பின்னால் நின்ற பையன்.
ஏறியிருந்தது.
ஏறிய இடத்திலேயே கட்டிப் போட்டிருந்தார்கள்.

பேங்க் பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
கோர்ட் உத்தரவு,
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி,
போன மே மாதமே தீர்ப்பாகிவிட்டது.
எனக்கொரு வழக்கு நடந்து
அதில் நான் தோற்று
தோல்விக்கு வயசு ஒன்பது மாதம்.
பிள்ளையென்றால் தவழ்ந்திருக்கும்.

வக்கீல் சுகந்தமலர் கோப்பை வாங்கி வந்தார்.
சம்மன் கொடுத்தவரின் சத்தியப் பிரமாணம்.
மலாயில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித்
தமிழில் சொன்னார்:
"மார்ச் பதினொன்று, காலை பத்து நாற்பது.
சுங்கை செபாலிங் தோட்டம், எண் பதினான்கு.
மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை.
நகலை முன்கதவில் ஒட்டினேன்."

சிரித்துவிட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த லயத்தைக் கம்பெனி இடித்துப் பதினோரு வருஷம்.
பதினான்காம் வீட்டில் இப்போது குடியிருப்பது
இரண்டு செம்பனை, ஓர் உடும்பு.
மூன்று முறை அழைத்தாராம்.
உடும்பு என்ன பதில் சொல்லும், பாவம்.

கதவு மட்டும் பிழைத்தது.
இடிக்கிற அன்று தம்பி லூர்துராஜ்
அதைத் தோளில் தூக்கி வந்து
தாமானில் தன் ரொட்டி சானாய்க் கடைக்குப் பின்னால்
சாக்கடை மேல் போட்டான்.
அன்றிலிருந்து அது பாலம்.
கேஸ் தோம்பு உருட்டுகிறவர், பூனை,
பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள்,
எல்லாரும் என் வாசலை மிதித்துப் போகிறார்கள்.
யாரும் உள்ளே வருவதில்லை.

வக்கீல் சேலையைத் தூக்கிச் செருகிக் குனிந்தார்.
டிஷ்யூவால் சேற்றைத் துடைத்தார்.
வெள்ளைச் சாயத்தில், என் அப்பா கையெழுத்தில், 14.
படம் எடுத்துக்கொண்டார்.

மஜிஸ்திரேட் என்னைவிட இருபது வயசு இளையவர்.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்:
கடனை இந்தப் பெண் மறுக்கவே இல்லையே?
மெய்தான். மறுக்கவில்லை.
கொழுந்தனின் லோரிக்கு
ஜாமீன் போட்டது இந்தக் கைதான்.
லோரி ஓடிவிட்டது. கொழுந்தனும் அதிலேயே.

ஆனால் பெரட்டில்கூட,
விடியாத ஐந்தரை மணி மழையில்கூட,
தண்டல் பேரைக் கூப்பிடுவான்,
இருமுறை கூப்பிடுவான்,
அப்புறம்தான் பேருக்கு நேரே கோடு போடுவான்.
கூப்பிடாமலே கோடு போட்ட தண்டலை
எங்கள் தோட்டம் கண்டதில்லை.
கேட்டால் இதைச் சொல்லலாமென்று
வாய்க்குள் வைத்திருந்தேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.
அங்கே தாள்தான் பேசும்.

மஜிஸ்திரேட் இரண்டு தாளையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
ஒன்றில் சத்தியம்.
இன்னொன்றில் சாக்கடை.
ஏழே நிமிஷம். தீர்ப்பு ரத்து.

படியிறங்கும்போது கேட்டேன், ஜெயித்துவிட்டோமா?
"இல்லைக்கா" என்றார் சுகந்தமலர்,
"இனிமேல்தான் நீங்க முறையாத் தோற்கலாம்."

சம்பளம் அவிழ்ந்தது. மளிகை பாக்கி தீர்ந்தது.
மூன்றாம் வாரம் மோட்டாரில் ஓர் இளைஞன்:
புவான் பிலோமினா சூசைமாணிக்கம்?
அடையாள அட்டையை வாங்கி
படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
மறுபடி படத்தைப் பார்த்தான்.
நான்தான் தம்பி, மெலிந்துவிட்டேன் என்றேன்.
கையெழுத்துப் போட்டேன். தமிழில், முழுப் பேரும்.

அதே கடன். வட்டி மட்டும் வளர்ந்திருக்கிறது.
பதினான்கு நாளில் வரச் சொல்லி
என் பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

தாளை மடித்துக்கொண்டு கடைப் பின்பக்கம் போனேன்.
பலகையின் நடுவில் நின்று
குதிகாலால் மூன்று தரம் தட்டினேன்.
கீழே தண்ணீர்
ரொட்டி மாவு கலந்து
வெள்ளையாய்ப் போய்க்கொண்டிருந்தது.