மேல் இடது கட்டம்

புனாத்தாவில் செவ்வாய், சந்தை நாள்.
ஜன்னலைச் சாத்தினாலும் கோழிச் சத்தம் உள்ளே வரும்.
சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி
நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று
கோடிழுத்தாள் லா பாஸிலிருந்து வந்த மார்செலா.
மேலே போகப் போக அதிகாரம்.
வலப்பக்கம் போகப் போக அக்கறை.
"நம் ஆய்வில் யார் யாருக்குப் பங்கு?
எழுதி ஒட்டுங்கள்."

மஞ்சள் சீட்டுகள் கைமாறின.
அமைச்சகம் மேலே ஏறியது, இடது ஓரம்.
பணம் தரும் அறக்கட்டளை வலது உச்சியில்.
அதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை.
மேயரைத் தேர்தல்வரை வலத்தில் வை,
அப்புறம் இடம் என்றான் நிக்கானோர்.
அம்புக்குறி போட்டோம்.
செவிலியர் பள்ளி, கொத்தனார் சங்கம்,
விடியலில் கெச்சுவாவில் செய்தி வாசிக்கும் வானொலிக்காரி,
பாதிரியார்
(கேள்விக்குறியோடு, நடுக்கோட்டின் மேல்).

ஸெனோபியா 'வின்ச்சூக்கா' என்றெழுதி
எல்லோருக்கும் மேலே ஒட்டினாள்.
மண்சுவர் வெடிப்பில் குடியிருந்து
இரவில் இறங்கி வந்து
தூங்குகிற முகத்தைக் கடிக்கும் பூச்சி.
அதைவிட அக்கறை யாருக்கு இருக்கிறது?
சிரித்தோம்.
மார்செலா அதை எடுக்கவில்லை.

நோயாளிகள் என்று ஒரே ஒரு சீட்டு,
கீழே, வலப்பக்கம்.
அந்தக் கட்டத்துக்குக் கையேடு சொல்லும் வழி:
அவ்வப்போது தகவல் தரவும்.

போன வாரம் மலைச்சரிவில் ஒரு கதவு.
ஃபோர்த்துனாத்தோ வெய்சாகா,
உருளைக்கிழங்கு மண் உலராத கை.
சட்டையைச் சுருட்டி முழங்கை மடிப்பைக் காட்டினார்.
"எட்டு வருஷம் முன்னால்
ஒரு பெண் இங்கே ரத்தம் எடுத்தாள்.
வியாழக்கிழமை முடிவோடு வருகிறேன் என்றாள்."
அந்தப் பெண் நான்.
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.
கதவு சாத்தியது.
அடுத்த பதினான்கு வீடுகளிலும்
தட்டுமுன்பே சாத்தியிருந்தது.

அவர் பெயரை எழுதிக்கொண்டு
தாளின் முன்னால் நிற்கிறேன்.
அக்கறையா, துளியும் இல்லை.
அதிகாரமா,
ஒரு சரிவையே எங்களுக்கு அடைத்துவிட்டார்.
அமைச்சகத்தைக் கொஞ்சம் நகர்த்தி
பக்கத்தில் ஒட்டினேன்.

"யார் இவர்?" என்றாள் மார்செலா.
எந்த அமைப்பு என்ற கேள்வியும் அதில் இருந்தது.

கீழ்த்தளத்தில் உறைபெட்டி
முனகுவது இங்கே கேட்கும்.
அதில் எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும்.

இன்று செவ்வாய்.