கடிச் சீட்டு

இரக்கப்பட்டுப் போகவில்லை.
மூக்கையூர்க் கரையில் ஒதுங்கிய வலை,
யாருடையதோ, நல்ல நைலான்,
எடைக்குப் போட்டால் இரண்டு நாள் ஓடும்.
வலைக்குள் இது.
கழுத்தில் மூன்று சுற்று, முன்னங்காலில் ஒன்று,
வாயோரம் காய்ந்த உப்பு.

அறுக்க அறுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தது.
கடைசிக் கண்ணி அறுந்ததும்
கடித்தது.

சாயல்குடி ஆஸ்பத்திரியில்
இரண்டு தோளிலும் ஊசி.
நர்ஸ் மஞ்சள் அட்டையில் தேதி எழுதினாள்:
"நாலு தவணை, தவறக் கூடாது.
நாயப் பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்க.
அது உசுரோட இருந்தா
ஒங்களுக்கு ஒண்ணுமில்ல."

எனக்கு ஒன்றுமில்லைதான்.
படகு காரைநகர் மணலில் புதைந்து கிடக்கிறது,
பக்கவாட்டில் மகள் பெயர் இன்னும் இருக்குமோ என்னவோ.
யாழ்ப்பாணச் சிறையில் ஏழு மாதம்.
திரும்பி வந்தபோது
ஜெசிந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு
திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாள்.
சாவி மட்டும் உபதேசியார் வீட்டில்.

ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
முதல் நாள் கஞ்சியைத் தொடவில்லை.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் எனக்குப் பயம் வந்தது.
பயம் வந்து எத்தனை நாளாயிற்று!
ஏலக்கூடத்தில் போய் நின்றேன்.
"காரலா? ஒனக்கா?" என்றாள் பரிமளம்.
"நாய்க்கு."
"நாய் எப்ப வாங்குன?"
"கடி வாங்குனேன். கூடவே நாயும் வந்துச்சு."

முள் எடுத்துப் பிசைந்து, தட்டைத் தள்ளிவிட்டு,
கதவிடுக்கில் நின்று பார்த்தேன். நக்கியது.
தண்ணீர் குடித்ததா என்று
நடுச்சாமத்தில் டார்ச் அடித்தேன்.
உறுமியது.
உறுமு, வியாகுலத்தின் ஆயுசு
உன் தொண்டையில் இருக்கிறது, நன்றாக உறுமு.

ஆறாம் நாள் மழை. உள்ளே விட்டேன்.
தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது.
எட்டாம் நாள் பாட்டிலை மறந்தேன்
என்றால் பொய்,
ஒரு மடக்கோடு மூடி வைத்தேன்.

பதினோராம் நாள் கயிற்றை அவிழ்த்தேன்.
கணக்கு முடிந்தது, போ.
போயே போய்விட்டது.
கை தன்பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டியது,
நங்கூரக் கயிறு சுருட்டுகிற மாதிரி.

மூன்றாம் இரவு வந்தது,
வாயில் யாருடைய கருவாடோ.
விடிந்ததும் வாசலில் பரிமளம், காசு கேட்டு.
காசு ஏது?
வலை பொத்துக் கழிக்கிறேன் என்றேன்.
பத்து ரூபாய்க் கருவாட்டுக்கு ஒரு நாள் பொத்தினேன்,
மறுநாள் அவளே கூப்பிட்டு விட்டாள்.

நாலாவது ஊசி.
"நாய் இருக்கா?"
"இருக்கு. திருடுது."
சிரிக்காமல் எழுதினாள்:
நாய் உயிருடன் உள்ளது.

பேருந்தில் இரண்டு முறை எடுத்துப் படித்தேன்.
திருப்பூருக்குப் போன் போட்டால்
எங்கே தொடங்குவது?
பிள்ளைதான் எடுக்கும்.
என்னை ஒரு நாய் கடிச்சிருச்சும்மா,
பயப்படாத.