ஆறு கிழமை

நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்த கன்று அல்ல இது.
அப்படி மூன்று வாங்கினோம், பெயர்ச்சீட்டோடு,
ஒன்று எழுநூற்றைம்பது.
முதலாவதுக்கு இலையெல்லாம் கறுப்புப் புள்ளி.
இரண்டாவதைக் குரங்கு பிடுங்கி, வேரை மணந்து பார்த்து,
பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனது.
மூன்றாவதில் கடைசிவரை நின்றது
பெயர்ச்சீட்டு.

இது யோகபுரத்தில்,
குழந்தை நிறுக்கப் போன வீட்டில்,
தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்ற பற்றை.
"இதுக்கு ஒண்டும் செய்யிறேல்லை மிஸ்" என்றாள் றஜித்தா.
ஒரு கையில் பிள்ளை, மற்றதில் கத்தி.
பென்சில் மொத்தத்தில் ஒரு தடி வெட்டித் தந்தாள்.
ஈரத்துணி சுற்றி, ஸ்கூட்டிப் பெட்டிக்குள்
தராசுக்குப் பக்கத்தில் படுத்தபடி
மல்லாவிக்கு வந்தது.

கிரவல் நிலம். அலவாங்கு போட்டுத்தான் குழி.
குளிக்கிற தண்ணி ஓடுகிற வாய்க்காலோரம்
ஒரு சட்டி மாட்டெருவோடு ஊன்றினேன்.
அதற்குப் பிறகு நானும் ஒன்றும் செய்யவில்லை.
மருந்தில்லை, உரப்பையில்லை.
கவாத்து என்று ஏதும் நடந்திருந்தால்
வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிய
கட்டாக்காலி மாடு பார்த்த வேலை அது.
இரண்டு மாரிக்குள் என் இடுப்பளவு.
பூ சின்னன், பத்து ரூபாக் குத்தியைவிடக் கொஞ்சம் பெரிசு.
காலையில் சவர்க்கார றோஸ்,
பின்னேரம் தோய்த்துத் தோய்த்து வெளுத்த சட்டை.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு.
என் தொழில் கோடு கீறுவது.
பிள்ளைக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு கோடு.
கோடு சரிந்தால் எனக்கு நித்திரை இல்லை.
வீட்டிலாவது
கோடு கீறாமல் வளர்கிற ஒன்று நிற்கட்டும்.

ஆவணியில் களுத்துறைக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.
ஆறு கிழமை.
சோளகம் மண்ணை அள்ளி முகத்தில் வீசுகிற காலம்,
கிணற்றில் வாளி அடி தட்டும்.
பிறிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்:
பயறு எந்தப் பேணியில்,
அபிசனாவின் இழுப்பு மருந்து எந்த லாச்சியில்,
சனிக்கிழமை தலைக்கு எண்ணெய்,
பின்னல் இறுக்கக் கூடாது,
றோசாவுக்கு இரண்டு வாளி, ஒன்றுவிட்ட நாள்.

இரவில் போனெடுத்தால்,
"ஓம், ஊத்தினது" என்பார் புவிராஜ்.
அவருக்குப் பொய் வராது.
"ஓம்" முக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு விடுவார்.
அந்த மூச்சை ஆறு கிழமையும் கேட்டேன்.

கேற்றைத் திறந்ததும் பையை வைக்கவில்லை,
நேரே அதனிடம்தான் போனேன்.
இலை பாதி இல்லை.
மிச்சப் பாதியில் தூசி.
தூசிக்கு மேலே பூ.
எண்ணினேன், கை பழகிவிட்டது, முப்பத்தொன்று.
வாளி கிணற்றடியில் சரிந்து கிடந்தது,
அதற்குள் ஒரு சிலந்தி குடித்தனம்.

உள்ளே தாள் அப்படியே ஒட்டியிருந்தது.
வீடு கூட்டியிருந்தது.
புவிராஜின் பருப்பில் உப்புக்கூடச் சரி.
மகள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.
இரட்டைப் பின்னல். வகிடு கொஞ்சம் கோணல்.
"நானேதான் பின்னினான்."

சந்தோசம்தான். ஆர் இல்லையென்றது?
முகம் கழுவப் போகிறேன் என்று
குளியலறைக் கதவைச் சாத்தி,
பைப்பைத் திறந்துவிட்டு
கழுவாமல் நின்றேன் கொஞ்ச நேரம்.
தண்ணி தன் பாட்டில் போனது,
சுவரைத் தாண்டி, வாய்க்காலோரம்,
கேட்காத ஒன்றின் காலடிக்கு.

கதவு தட்டுப்பட்டது.
"அம்மா, சீப்பு உள்ளுக்கை. எடுத்துத் தாங்கோ."
கொடுத்தேன்.
வகிடு மட்டும் நான் எடுத்துவிடட்டோ என்று கேட்டேன்.
சீப்பின் பல்லை விரலால் உரசிக்கொண்டு
யோசித்தாள்.

"நாளைக்கு" என்றாள்.