துளை எண் பதினேழு

கடல் அரைத்தது. காற்று குவித்தது. மழை இறுக்கிக் கட்டியது.
ஒரு காலத்துச் சிப்பியும் பவளமும்
இப்போது என் பூட்ஸுக்கு அடியில்
சமவெளி என்று பெயர் வாங்கிப் படுத்திருக்கின்றன.

ரொட்ரிக்ஸ் தீவின் தென்மேற்கு மூலை, பிளேன் கொராய்.
ஓடுபாதையை நீட்டப் போகிறார்களாம்.
நான் போர்லூயியிலிருந்து வந்த துளைக்காரன்.
பதினாறு துளைகளிலும் வெள்ளை, வெள்ளை, வெள்ளையேதான்.
பதினேழாவதில், ஒன்பது மீட்டர் தாண்டியதும்
கம்பி என் கையை உதறிவிட்டு விழுந்தது,
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று
இருட்டில் கால் வைத்தவனைப் போல.

படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு:
வெற்றிடம்.
எதுவார் சிரித்தான்.
"வெற்றிடமா? என் ஆடுகள் மூன்று
அதற்குள்தான் குடியிருக்கின்றன."
முட்புதரை விலக்கி
நிலத்தின் வாயைக் காட்டினான்.

உள்ளே குளிர். கூரையிலிருந்து ஒரு சொட்டு
நேராக என் உதட்டில்:
வெற்றிலை இல்லாத சுண்ணாம்பு.
சுண்ணாம்பில் இருக்கிறது சூட்சுமம் என்று
எங்கள் வீட்டில் தமிழில் சொல்லி
கிரியோலில் விளக்குவார்கள்.

விளக்கைத் தாழ்த்தினேன்.
களிமண்ணில் தொடையெலும்புகள், ஒரு மார்புக்கூடு.
பறக்கத் தெரியாமல் நடந்தே வாழ்ந்து
நடந்தே தீர்ந்துபோன பறவை.
விலாக்களுக்கு நடுவே ஒரு கல்,
கோழிமுட்டை அளவு, ஒரு பக்கம் தட்டை,
கன்னங்கரேல்.

இந்த வெள்ளை வெளியில் கருங்கல் ஏது?
மலைப்பக்கம் போய் விழுங்கி வந்திருக்கிறது.
கொட்டைகளை அரைக்க
வயிற்றுக்குள் ஓர் அம்மி.

மேலே இரண்டரை மணி விமானம் இறங்கியது.
எங்கள் தலையில் கொஞ்சம் கடல் உதிர்ந்தது.

படிவத்தின் அடுத்த கட்டம்:
அயல்பொருள், உண்டு / இல்லை.
தலைப்பில் என் பெயர். எந்தக் கப்பல் எழுத்தரோ
வையாபுரியை வாயப்பூரியாக்கி எழுதி வைத்தது.
ஐந்து தலைமுறையாக அதையே அரைத்து
செரித்தும் விட்டோம்.
பேனா காத்திருந்தது.
எதுவார் ஆடுகளை எண்ணப் போய்விட்டான்.

கல்லை அதன் குழியிலேயே வைத்தேன்.
ஒரு சுற்றுத் திருப்பி, தட்டைப் பக்கம் கீழாக,
முன்பு இருந்தபடியே.

மறுநாள் பொறியாளர் தொலைபேசியில் கேட்டார்:
"பதினேழில் என்ன?"
"ஒன்பது மீட்டர் நாற்பது வரை பாறை" என்றேன்.
"அதற்குக் கீழே?"
"நீங்களே வந்து பாருங்கள்.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
குனிய வேண்டியிருக்கும்."